தரங்கம்பாடி: ஊர் வாசலிலிருந்து அலைவாய் வரை

தரங்கம்பாடியைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். அதுதான் இந்த ஊருக்கு வந்த வினை. திருக்கடையூரில் மணிவிழா முடிந்த கையோடு, கழுத்தில் மாலை வாடாத அப்பா அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக இங்கே வருகிறார்கள். கோட்டை முன்னால் ஒரு குழுப்படம், கடலில் கால் நனைப்பு, ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல். அவ்வளவுதான், வேன் கிளம்பிவிடும். வந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கோட்டையை மட்டும் பார்த்தால் அதற்குமேல் நிற்கத் தோன்றாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு பழைய கட்டடம், அதற்குப் பின்னால் கடல்.

இந்த ஊரைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. மேற்கே இருக்கும் ஊர் வாசலில் தொடங்கிக் கிழக்கே கடல்வரை நடக்க வேண்டும். நேராக நடந்தால் அரை கிலோமீட்டர்கூட வராது. ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஒரு பாண்டியர் கோயில், ஒரு நாயக்க மன்னரின் ஒப்பந்தம், டென்மார்க்கின் இருநூற்று இருபத்தைந்து ஆண்டு ஆட்சி, தமிழ் அச்சின் ஒரு பெரிய அத்தியாயம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. வேனில் போகிறவர்கள் இவற்றைத் தாண்டித்தான் கோட்டைக்குப் போகிறார்கள்.

பெயரும் ஓசோனும்

நடக்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒன்று, ஊரின் பெயர். அலைகள் பாடும் ஊர் என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் எல்லாம் விளக்கம் தருகின்றன. தரங்கம் என்றால் அலை. அதில் தகராறு இல்லை. ஆனால் ‘பாடி’ என்பது பாட்டோடு சேர்ந்ததா என்பதில்தான் சிக்கல். காட்டுப்பாடி, வேலப்பாடி என்று தமிழ்நாடு முழுக்க ஊர்ப்பெயர்களின் வாலில் நிற்கும் பாடிக்குக் குடியிருப்பு என்றே பொருள். கடலோரக் கோயிலின் கல்வெட்டோ இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. அலை பாடுகிறது என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. அந்த இனிமையோடு விட்டுவிடலாம். ஐரோப்பியர் நாவில் இந்தப் பெயர் டிராங்குபார் ஆனது. அந்தப் பெயரும் ஓர் எதிர்பாராத இடத்தில் ஒட்டிக்கொண்டது: வயல்வெளிகளில் திரியும் செந்நிறச் சிறு புறா ஒன்றின் அறிவியல் பெயர் ஸ்ட்ரெப்டோபீலியா டிராங்குபாரிகா. அந்தப் புறாவை வட இந்தியாவிலும் சீனாவிலும் பார்க்கலாம். எங்கே பறந்தாலும் அது தரங்கம்பாடிப் புறாதான்.

இன்னொன்று, ஓசோன். இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம், அதைச் சுவாசித்தால் உடம்புக்கு நல்லது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். வருகிறவர்களும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துவிட்டுப் போவார்கள். வானத்தில் இருபது, முப்பது கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போதுதான் ஓசோன் நமக்குக் கவசம். மூக்குக்கு எட்டும் உயரத்தில் அது நுரையீரலை எரிக்கும் மாசு. கடற்கரையில் வீசும் அந்த மணம் பெரும்பாலும் கடல் நுண்பாசிகளோடு தொடர்புடைய ஒரு கந்தகச் சேர்மத்தால் வருவது. காற்று நன்றாகவே இருக்கிறது, தாராளமாகச் சுவாசிக்கலாம். ஓசோன் பெருமை மட்டும் வேண்டாம்.

வாசல்

நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் வெள்ளையடித்த ஊர் வாசல் குறுக்கே நிற்கும். டேனிஷ்காரர்கள் இதைத் தரைவாசல் என்ற பொருளில் லாண்ட்போர்டன் என்று அழைத்தார்கள். இன்றும் வண்டிகள் அதன் வளைவுக்குள் புகுந்துதான் போகின்றன. மேலே டேனிஷ் அரச முத்திரையோடு 1792 என்ற ஆண்டு தெரியும். அது திரும்பக் கட்டப்பட்ட ஆண்டு. முதல் வாசலும் ஊரைச் சுற்றியிருந்த மதிலும் 1660களைச் சேர்ந்தவை. அவற்றை எழுப்பியவரின் கதை இந்த ஊரின் எந்த மன்னர் கதையையும்விடச் சுவையானது.

முதலில் டேனிஷ்காரர் வந்த கதை. அவர்கள் தரங்கம்பாடியைத் தேடி வரவில்லை, இலங்கைக்குத்தான் கிளம்பினார்கள். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமம் தந்தார். போர்த்துக்கீசியரை எதிர்க்கக் கண்டி அரசர் துணை கேட்கிறார் என்று சேதி வந்ததும் 1618இல் கப்பல்கள் கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்டன. தலைமை ஏற்றவர் ஓவே கெட்டே, இருபத்துநான்கு வயதுகூட நிறையாத இளைஞர். இலங்கை போய்ச் சேர ஒன்றரை ஆண்டு ஆனது. வழியில் நோய் நூற்றுக்கணக்கானோரைத் தின்றுவிட்டது. கண்டியில் காரியமும் நடக்கவில்லை. இதற்கிடையே முன்கூட்டியே அனுப்பப்பட்ட ‘ஓரெசுண்ட்’ என்ற கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பும் சில மாலுமிகளும் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் உடைந்த இடத்தில் கடை திறந்த கதையாக, அந்தத் தொடர்புதான் தரங்கம்பாடியைத் தந்தது. 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இரகுநாதர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. கடிதம் தமிழில், கையெழுத்து தெலுங்கில். தஞ்சை நாயக்கர் அரசவை எந்த மொழியில் பேசியது, எந்த மொழியில் எழுதியது என்பதற்கு அந்த ஒரு தகடே சான்று.

கம்பெனி செழிக்கவில்லை. ஐரோப்பாவில் போர், கையில் பணமில்லை. 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். ஆனால் கோட்டையில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு கப்பலும் வரவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேல் டென்மார்க்கிலிருந்து ஒரு பாய்மரம்கூடத் தென்படவில்லை. காய்ச்சலில் ஒவ்வொருவராகப் போக, 1655இல் கோட்டையின் பொறுப்பு எஸ்கில்ட் கொங்ஸ்பாக்கே என்ற எளிய குடியில் பிறந்த ஒருவர் கைக்கு வந்தது. ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். வங்கக் கடலில் போன கப்பல்களை மடக்கிப் பிடித்து, அதில் கிடைத்த பணத்தில் காவலுக்கு ஆள் வைத்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், தஞ்சாவூரோடும் சமாதானம் பேசினார். கடல்கொள்ளை என்று சொன்னாலும் தப்பில்லை. 1669இல் ஒருவழியாகக் கப்பல் வந்து பார்த்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. ஊர் வாசலைக் கடக்கும்போது நினைக்க வேண்டிய பெயர் அவருடையது. அங்கே அவருக்கு ஒரு சிலை வைத்தால் தகும்.

ராஜ வீதி

வாசலைத் தாண்டினால் ராஜ வீதி. ஊர்க்காரர்கள் கிங் ஸ்ட்ரீட் என்றே சொல்வார்கள். இருபுறமும் தூண் வைத்த தாழ்வாரங்களும் சுண்ணாம்புச் சுவர்களுமாக வீடுகள். சில வீடுகளை மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் பழுதுபார்த்து மீட்டிருக்கிறது. ஐரோப்பிய முகப்புக்குப் பின்னால் தமிழ் வீட்டு முற்றமும் திண்ணையும் எட்டிப் பார்க்கும். சுவரில் கை வைத்துப் பார்த்தால் மீட்ட வீடு எது, சிமெண்ட் பூசிய வீடு எது என்று உடனே தெரிந்துவிடும். சுண்ணாம்புச் சுவர் உச்சிவெயிலிலும் குளிர்ந்திருக்கும்.

வீதியின் இரண்டு தேவாலயங்களில் சீயோன் தேவாலயம் மூத்தது. 1701இல் டேனிஷ் குடியினருக்காகக் கட்டியது. இதில் சற்று நின்றால் போதும். எதிரே நிற்கும் புதிய எருசலேம் தேவாலயத்துக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். முகப்பில் 1718 என்ற ஆண்டும், கிரீடத்தின்கீழ் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கின் எழுத்து முத்திரையும் இருக்கின்றன. புதியது என்ற சொல்லுக்குக் காரணம், 1707இல் கட்டிய முதல் எருசலேம் தேவாலயத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. பலிபீடத்தின் முன்னே பார்த்தலோமேயு சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார்.

சீகன்பால்கு ஜெர்மானியர், சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். டென்மார்க் மன்னர் அனுப்ப, தோழர் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையிறங்கினார். மறுநாள் அவருக்கு இருபத்துநான்கு வயது நிறைந்தது. தமிழ் கற்க அவர் எடுத்த வழி எளிமையானது. ஊரில் திண்ணைப் பள்ளி நடத்திய ஒரு முதிய வாத்தியாரைப் பள்ளியோடு தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’னா, ‘ஆ’வன்னா எழுதினார். இரண்டே ஆண்டில் தமிழ்ச் சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி 1708இல் ஒரு பட்டியலே தயாரித்துவிட்டார். அதே ஆண்டு இறுதியில் கோட்டைத் தளபதியோடு மோதல் முற்றி, நான்கு மாதம் கோட்டையிலேயே சிறையில் இருந்தார். அவரைச் சிறைவைத்தவர்களும் அவரை அனுப்பிய மன்னரின் ஆட்களே.

அச்சுக்கூடம் வந்த கதைதான் இங்கே முக்கியம். ‘இந்தியாவின் முதல் அச்சகம்’, ‘முதல் தமிழ் நூல்’ என்றெல்லாம் தரங்கம்பாடியைப் பற்றிச் சொல்வது தவறு. 1578இலேயே கொல்லத்தில் போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சி தொடரவில்லை. தரங்கம்பாடியில்தான் அது ஒரு தொழிலாக வேர் பிடித்தது. லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. எழுத்துகள் பெரியவை, ஒரு பக்கத்தில் சில வரிகள்தான் கொள்ளும், காகிதமோ கப்பலில் வர வேண்டியது. அந்த எழுத்தில் வேதாகமத்தை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து அனுப்பிய பாலாடைக் கட்டிகள் ஈயப் பெட்டியில் வந்திருந்தன. அந்தப் பெட்டிகளை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்பது அச்சு வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

தமிழர்களின் தெய்வங்களைப் பற்றியும் ஒரு விரிவான நூல் எழுதி 1713இல் ஹாலேக்கு அனுப்பினார் சீகன்பால்கு. அங்கிருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தை மாற்றப் போனவர் அதைப் பற்றியே புத்தகம் எழுதுகிறாரே என்று எண்ணி ஓரமாக வைத்துவிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டு தூங்கிய அந்த நூல் 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. ஊர்த் தமிழர்களிடம் கேள்வி எழுதி அனுப்பி அவர்கள் எழுதித் தந்த 99 பதில் கடிதங்களும் ஜெர்மன் மொழியில் வெளிவந்தன. திருமணம், உழவு, மறுபிறப்பு, ஐரோப்பியரின் நடத்தை என எல்லாவற்றைப் பற்றியும் அவற்றில் பேச்சு உண்டு. சீகன்பால்கு 1719இல் முப்பத்தாறு வயதில் இறந்தார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அச்சில் ஆர்வமுள்ளவர்கள் தவறவிடக் கூடாது.

கோட்டை

வீதி முடியும் இடத்தில் வெளி விரிகிறது. ஒருபுறம் ஆளுநர் மாளிகை. 1784இல் கட்டியது, பின்னாளில் உப்புக் கிடங்காகவும் இருந்து, தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. எதிரே டேன்ஸ்போர்க் கோட்டை. கடலைப் பார்த்து இரண்டடுக்குக் கட்டடம், மற்ற மூன்று பக்கமும் மதிலை ஒட்டி வரிசை அறைகள், நடுவே பெரிய முற்றம். கீழடுக்கில் கிடங்கும் வெடிமருந்தும் சிறையும். மேலே தளபதியின் குடியிருப்பு. மாடியில் இருக்கும் கூடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒட்டகத் திமில் போல நான்கு குவிமாடங்கள். அவற்றின் பாரம் முழுவதையும் நடுவில் நிற்கும் ஒற்றைத் தூண் தாங்குகிறது. கீழே நின்றால் குரல் எதிரொலிக்கும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அமைதி கிடையாது.

ஆங்கிலேயர் காலத்தில் இது பயணிகள் பங்களா. அதிகாரிகள் வந்து தங்கிப் போனார்கள். பின்னர் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஏற்று அருங்காட்சியகமாக்கியது. சீனத் தேயிலை ஜாடிகள், பீங்கான், டேனிஷ் ஆவணங்கள், வாள்கள், சிறு பீரங்கிக் குண்டுகள், பயமுறுத்தும் திமிங்கல எலும்பு, பெரிய ஆட்டுக்கல் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதில் யாரும் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. அதனாலேயே பார்க்க நன்றாக இருக்கிறது. கம்பெனி என்ன விற்றது, என்ன வாங்கியது என்பது இந்த ஜாடிகளில் தெரியும். மிளகும் துணியும் மட்டுமல்ல. 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டுக் கப்பலேறினார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் அந்த வியாபாரம் பெருகியது. கண்ணாடிப் பெட்டிகளில் அதற்கு இடமில்லை.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்கத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. வணிகம் நாகப்பட்டினத்துக்கும் பிற துறைமுகங்களுக்கும் நகர, ஊர் அப்படியே உறைந்து நின்றது. 1926இல் மாயவரத்திலிருந்து ரயில் வந்தது. 1986இல் அதுவும் நின்றுவிட்டது. வளராமல் போனதால்தான் வீதிகளின் பழைய அமைப்பு தப்பியது என்று சொல்லலாம். இங்கே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அந்த ஆறுதல் போதுமா என்பது வேறு கேள்வி.

அலைவாய்க் கோயில்

கோட்டையிலிருந்து கடலோரமாக வடக்கே சிறிது தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. டேனிஷ்காரர் வந்தபோதே முந்நூறு வயதைக் கடந்திருந்த கோயில் இது. கிழக்குப் பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பழைய படங்களில் பாதி இடிந்த மண்டபமும் அலையில் உருண்டு கிடக்கும் கற்களும்தான் தெரியும். பின்னர் திருப்பணி நடந்து, வண்ணம் பூசிய புதுக் கட்டுமானம் எழுந்திருக்கிறது. பழைய சிதைவின் அழகு போய்விட்டது என்று படம் எடுக்க வருகிறவர்கள் வருத்தப்படுவார்கள். விளக்கேற்ற வருகிறவர்களுக்கு அந்த வருத்தம் இல்லை. கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் காலை வெயில் சாய்ந்து விழும்போது வர வேண்டும்; உச்சிவெயிலில் எழுத்து தெரியாது.

கரையில் கருங்கல் கொட்டித் தடுப்புப் போட்டிருக்கிறார்கள். பாசி படிந்த கற்கள், இடையிடையே பொந்து; ஏறி நின்று படம் எடுப்பது ஆபத்து. குளிக்கவும் ஏற்ற கடல் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையில்தான் ஏறியது. மீனவர் குடியிருப்பு பெரும் சேதத்துக்கு ஆளானது. அதன் பிறகு பல குடும்பங்களுக்கு மேற்கே தள்ளி வீடு கட்டித் தந்தார்கள். படகும் வலையும் கடலோரத்தில், வீடு உள்ளே என்று அன்றாட நடை நீண்டுபோனது. விடியற்காலையில் போனால் ஃபைபர் படகுகள் கரை ஏறுவதையும் சங்கராவும் மத்தியும் ஏலம் போவதையும் பார்க்கலாம். வாங்குகிற எண்ணமில்லாமல் விலை கேட்கக் கூடாது. படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும்.

வருவதும் தங்குவதும்

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கி, திருக்கடையூர் வழிப் பேருந்து பிடிக்கலாம். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். தெற்கே காரைக்காலிலிருந்தும் பேருந்துகள் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில் வருவது நல்லது. சித்திரை வெயிலில் நிழல் தேடியே நேரம் போய்விடும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இதைக் கேட்காமல் வந்து பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் பலர். கடலைப் பார்த்த பழைய கலெக்டர் பங்களாவிலும் மீட்டெடுத்த சில வீடுகளிலும் தங்கலாம், செலவு கொஞ்சம் கூடும். சிக்கனமாகத் தங்க காரைக்காலோ மயிலாடுதுறையோ சரிப்படும். சாப்பாட்டுக்கும் பணம் எடுக்கவும் பக்கத்திலேயே பொறையாறு இருக்கிறது.

அரை நாள் கூடுதலாக இருந்தால் தில்லையாடிக்குப் போய்வரலாம். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாள்களில் 1914இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் பூர்விக ஊர் அது. காந்தி 1915இல் அங்கே வந்தார். நினைவு மண்டபம் சிறியது, அமைதியானது.

பொறையாறு வழியாகத் திரும்புகிறவர்கள் கடுதாசிப்பட்டறை எங்கே என்று விசாரித்துப் பார்க்கலாம். கப்பலில் வரும் காகிதத்தை நம்பிக் காத்திருக்க முடியாமல் 1715 வாக்கில் சீகன்பால்குவின் ஆட்கள் இங்கே காகிதம் செய்யும் ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள். ஆலை நெடுநாள் ஓடவில்லை. இடத்தின் பெயர் மட்டும் கடுதாசிப்பட்டறை என்றே நின்றுவிட்டது.